பனமலைச் சுவரும் நம் கைகளும்

காணும் பொங்கல் என்றால் எங்கள் பக்கத்தில் கட்டுச்சோறு. விடிவதற்குள் புளிச்சோற்றைக் கிளறி ஆறவிட்டு, தூக்குவாளியில் அடைத்து, மேலே வாழையிலையைப் போட்டு மூடிவிடுவார்கள். வண்டி வைத்திருந்தவர்கள் மாட்டைப் பூட்டினார்கள். இல்லாதவர்கள் வாடகைச் சைக்கிளில் முன்னே ஒன்று, பின்னே இரண்டு என்று பிள்ளைகளை ஏற்றினார்கள். விழுப்புரத்திலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் பனமலை. ஏரிக்கரையில் மூட்டையை இறக்கிவிட்டுக் குன்றின் மேல் ஏறுவோம். இரவு ஊர் திரும்பினால் டூரிங் டாக்கீஸ், மணலைக் குவித்து உட்காரும் தரை டிக்கெட். சித்திரை பிறந்தால் திரௌபதியம்மன் கோயில் திடலில் விடிய விடியக் கூத்து. அன்றைய பொழுதுபோக்கு அவ்வளவுதான். அதில் எங்களுக்குக் குறை தெரிந்ததில்லை.

அறுபதைத் தாண்டியவர்கள் அந்த நாட்களைச் சொல்லிச் சொல்லி உருகுகிறோம். நான் கொஞ்ச நாளாக உருகுவதைக் குறைத்துக்கொண்டேன். அந்தக் குன்றின் மேலிருக்கும் ஒரு சுவர்தான் காரணம்.

குன்றின் மேல் இருப்பது தாளகிரீசுவரர் கோயில்; அதைக் கட்டியவன் ராஜசிம்மன் என்ற பல்லவ மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மன். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் அவன் காலம். காஞ்சி கைலாசநாதர் கோயிலும் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் அவன் எழுப்பியவையே. பனமலைக் கோயிலில் கருவறையை ஒட்டியிருக்கும் துணைச் சன்னதிகளில், வடக்கே உள்ளதன் உட்சுவரில் ஒரு பெண் நிற்கிறாள். தலையில் மகுடம், மேலே குடை. ஒரு காலை மடக்கிச் சுவரில் ஊன்றி, தலையைச் சாய்த்து எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்ப்பது சிவனின் ஆட்டத்தை. ஆடுகிறவனைத்தான் இப்போது காணோம். சில கோடுகளும் நிறத் திட்டுகளும் மிச்சம். பார்க்கும் உமையிலும் ஒரு பகுதி உதிர்ந்துவிட்டது. பல்லவர் ஓவியம் என்று தமிழ்நாட்டில் நமக்குக் கிடைத்திருப்பதே விரல்விட்டு எண்ணும் அளவுதான். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் ஓவியம் இருப்பதையே 1931-ல்தான் கண்டுபிடித்தார்கள். புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய்தான் அதை வெளியே கொண்டுவந்தவர். பனமலை ஓவியத்தை அறிஞர் உலகத்துக்குக் காட்டியவரும் அவரே.

எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. "சாமி படம்" என்போம். வெளியே வெயிலில் இருந்துவிட்டு உள்ளே போனால் ஒன்றும் தெரியாது. கையால் சுவரைத் தடவித் தடவித்தான் இடம் கண்டுபிடிப்போம். ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் நிறம் எடுப்பாகத் தெரியும் என்று யாரோ சொல்ல, தண்ணீர்க் கூஜாவை நீட்டியவன் நான். துடைத்ததும் நிறம் எடுப்பாகத்தான் தெரிந்தது. எல்லோரும் "அடடா" என்றோம்.

அந்த "அடடா"வின் விலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இத்தகைய ஓவியம் கல்லின் மேலேயே தீட்டப்பட்டதல்ல. கல்லின் மேல் சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் தாளைவிட மெல்லிய வண்ணப் படலம். தண்ணீர் பட்டால் அது பூச்சுக்குள் இறங்கும்; உள்ளிருக்கும் உப்பைக் கரைக்கும்; காயும்போது உப்பை மேலே இழுத்து வரும். மேலே வந்த உப்பு பூத்து, வண்ணத்தை அடியிலிருந்து தள்ளும். பழைய வீட்டுச் சுவரில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலை. துடைத்த அன்று எதுவும் தெரியாது. சேதம் மாதங்கள் கழித்து, ஆண்டுகள் கழித்து, யாரும் இல்லாதபோது நடக்கும். ஆகவே குற்றவாளி எவனும் தன்னைக் குற்றவாளி என்று நினைப்பதில்லை. கை வியர்வையும், எண்ணெய்ப் பிசுக்கும், கற்பூரப் புகையும் இதே வகைதான். ஒருவர் தொட்டால் ஒன்றுமில்லை. ஒரு நாள் கூட்டம் முழுக்கத் தொட்டால், அதுவும் ஆண்டுதோறும் தொட்டால், ஆடுகிற சிவன் போன வழியில் உமையும் போவாள்.

உல்லாசமாகப் போனவர்கள் ஓவியத்தை அழிப்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. அஜந்தாவை 1819 ஏப்ரலில் வெளியுலகுக்குக் காட்டியவன் ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி. புலி வேட்டைக்குப் போனவன். பத்தாம் குகையின் ஓவியத்தின் மேலேயே பெயரையும் தேதியையும் கீறிவிட்டுப் போனான். இன்றும் இருக்கிறது. பிறகு அங்கே காப்பாற்ற வந்தவர்கள் பூசிய மெருகு எண்ணெயே மஞ்சளித்துப் படத்தை மறைத்தது வேறு கதை. "போட்டோ இருக்கிறதே, நகல் எடுத்துவிட்டார்களே" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல்: அஜந்தாவைப் பார்த்து ராபர்ட் கில் வரைந்த நகல்களில் பெரும்பாலானவை 1866-ல் லண்டனில் தீக்கிரையாயின. அடுத்து கிரிஃபித்ஸ் குழு வரைந்தவற்றிலும் பல 1885-ல் அதே லண்டனில் எரிந்தன.

பிரான்சில் ஆதிமனிதர் ஓவியம் தீட்டிய லாஸ்கோ குகையை 1940-ல் கண்டார்கள், 1948-ல் மக்களுக்குத் திறந்தார்கள். நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். யாரும் தொடவில்லை, மூச்சுதான் விட்டார்கள். அந்த ஈரத்திலும் கரியமில வாயுவிலும் சுவரில் பாசி படர்ந்தது. 1963-ல் மூடிவிட்டார்கள். இப்போது பயணிகள் பார்ப்பது பக்கத்தில் கட்டிய நகல் குகையை. நம்மிடம் நகல் பனமலை இல்லை.

ஃபிளாஷைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லா இடத்திலும் ஃபிளாஷுக்குத் தடைப் பலகை வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். பழைய சுவரோவியங்களில் பெரும்பாலும் காவி போன்ற மண் நிறங்கள். வெளிச்சத்துக்கு அவ்வளவு சுலபமாக வெளுக்காதவை. தடை இருக்கட்டும். ஆனால் ரீல்ஸ் எடுக்க வருகிறவர் போனைத் தூக்கிக்கொண்டு சுவரில் முதுகை உரசுகிறாரே, அதுதான் எனக்குப் பயம்.

ஏரியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். "நாங்க அந்தக் காலத்துல அங்கதான்டா நீச்சல் கத்துக்கிட்டோம்" என்று பேரனிடம் சொல்லாதீர்கள். கரையிலிருந்து சரிந்து சரிந்து ஆழமாகும் ஏரி நம் நினைவில் இருப்பது. வண்டல் அள்ளிய ஏரிகளில் முழங்கால் நீருக்கு அடுத்த அடியில் இரண்டு ஆள் பள்ளம் இருக்கலாம்; மழைக்குப் பின் கலங்கிய நீரில் அது கண்ணுக்குத் தெரியாது.

சுவரைக் காக்கச் சட்டம் இருக்கிறது. பனமலைக் கோயில் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2010-ல் திருத்தியபின், இத்தகைய சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் ஈரக்கையோடு நிற்கும் பத்து வயதுப் பிள்ளையைச் சட்டம் தடுக்காது. பக்கத்தில் நிற்கும் பெரியவர்தான் தடுக்க வேண்டும்.

ஆகவே போங்கள், கட்டுச்சோறும் கட்டிக்கொண்டு போங்கள். கீழேயே சாப்பிட்டு, கை கழுவித் துடைத்துவிட்டு மேலே ஏறுங்கள். தண்ணீர்ப் பாட்டிலைச் சன்னதிக்கு வெளியே வையுங்கள். வாசலில் நின்றே பாருங்கள். உள்ளிருட்டுக்குக் கண் பழக இரண்டு நிமிடம் ஆகும்; அதுவரை கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.