வீதியில் ஒரு சாட்சி: வாகனக் கெமராவும் உரிமையாளரின் பொறுப்பும்

கண்டியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் ஏ-9 பிரதான வீதி மகாவலி கங்கையைக் கடக்கும் இடத்தில் கட்டுகஸ்தோட்டை அமைந்துள்ளது. குருநாகல் வழியாகப் புத்தளம் செல்லும் ஏ-10 வீதி ஆரம்பமாவதும் இங்கேதான். மாத்தளை, அக்குறணை, கலகெதர எனப் பல திசைகளிலிருந்தும் வரும் பஸ் வண்டிகள், லொறிகள், முச்சக்கர வண்டிகள், பாடசாலை வேன்கள் யாவும் காலையிலும் மாலையிலும் இங்கு நெருக்குண்டு நிற்கின்றன. இத்தகைய நெரிசலில் ஒரு வாகனம் மற்றொன்றை உரசுவது அன்றாட நிகழ்வாகிவிட்டது. அதன் பின்னர் நடப்பதும் நாம் அறிந்ததே. சாரதிகள் இறங்கி வாதிடுவர், கூட்டம் கூடும், நேரில் காணாதவர்களும் நியாயம் பேச முன்வருவர், கண்டவர்களோ நமக்கேன் வம்பு என்று விலகிச் சென்றுவிடுவர்.

சாட்சி இல்லாத இந்த நிலைக்குப் பரிகாரமாகவே வாகனத்தின் முன்கண்ணாடியில் சிறிய கெமராவைப் பொருத்தும் வழக்கம் நம்மிடையே பரவி வருகின்றது. 'டேஷ் கேம்' எனப்படும் இக்கருவி, வாகனம் ஓடும் நேரமெல்லாம் எதிரே உள்ள வீதியைப் பதிவு செய்துகொண்டிருக்கும். இதனை வாங்குவது எளிது. சரியாகப் பொருத்துவதும், பதிவானதை நேர்மையாகக் கையாள்வதும் அத்தனை எளிதல்ல. வீதித் தகராறொன்று எந்த எல்லை வரை செல்லக்கூடும் என்பதை 2018 ஆம் ஆண்டில் அனுபவித்த மாவட்டம் இது. ஆகவே இவ்விடயத்தைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையதாகும்.

கெமரா எவ்வாறு இயங்குகின்றது?

வாகனக் கெமரா காட்சிகளை ஒன்று முதல் ஐந்து நிமிடங்கள் வரையான சிறு துண்டுகளாக மெமரி கார்ட்டில் சேமிக்கின்றது. கார்ட் நிரம்பியதும் பழைய துண்டுகளை அழித்துப் புதியவற்றை எழுதும். திடீர் பிரேக் அல்லது மோதலின் அதிர்வை உணரும் சிறு உணரியொன்று இதில் உண்டு. அதிர்வு ஏற்பட்ட வேளையில் பதிவான துண்டை அது பூட்டி வைத்து, அழியாமல் பாதுகாக்கும். மெல்லிய உரசலை இந்த உணரி கவனிக்காமல் விட்டுவிடுவதுண்டு. ஆகவே சம்பவம் நடந்தவுடன் பதிவைப் பூட்டும் பொத்தானைச் சாரதி தாமே அழுத்துவது பாதுகாப்பானது.

பொதுவாக, 1080 என்ற தெளிவுத்திறனில் ஒரு கெமரா மாத்திரம் பதிவு செய்தால், 64 ஜிகாபைட் கார்ட்டில் ஏறத்தாழ எட்டு முதல் பத்து மணித்தியாலக் காட்சிகள் அடங்கும். பின்புறக் கெமராவும் சேர்ந்தால் அது ஏறக்குறைய பாதியாகும். அதிகத் தெளிவுள்ள 4 கே கெமரா எதிரே வரும் வாகனத்தின் இலக்கத் தகட்டைக் கூடுதலான தூரத்திலிருந்து காட்டும். ஆனால் இடத்தையும் அதற்கேற்ப விழுங்கும். ஓயாமல் எழுதி அழிக்கப்படுவதால் சாதாரண கார்ட் விரைவில் பழுதடைந்துவிடும். இப்பணிக்கெனவே தயாரிக்கப்படும் நீடித்த ஆயுளுள்ள கார்ட்டை வாங்குவதும், மாதம் ஒரு முறையாவது பதிவுகளை ஓட்டிப் பார்ப்பதும் அவசியம். விபத்து நடந்த பின்னரே கார்ட் பல வாரங்களுக்கு முன்பு பழுதடைந்துவிட்டதை அறிவதில் பயனில்லை.

வெயிலில் நிறுத்தப்பட்ட வாகனத்தின் முன்கண்ணாடி கடுமையாகச் சூடேறும். உள்ளே லிதியம் பற்றரி கொண்ட கெமராக்கள் அச்சூட்டில் வீங்கிப் பழுதடைய இடமுண்டு. அதற்குப் பதிலாக 'கெப்பாசிட்டர்' எனப்படும் மின்தேக்கியைக் கொண்டவை நமது காலநிலைக்கு உகந்தவை.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

கெமராவுக்கு உரிய இடம், உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியின் மறைவாகும். சாரதியின் பார்வையை அது மறைக்கக் கூடாது. அதேவேளை, வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் கெமராவின் வில்லை அமைய வேண்டும். மழையும் பனிமூட்டமும் மிகுந்த மலைநாட்டில் இதனைக் கவனிக்காது விட்டால், சாட்சி தேவைப்படும் நாளில் நீர்த்துளிகளே பதிவாகியிருக்கும். அண்மைக் கால ஜப்பானிய வாகனங்கள் பலவற்றில் தானியங்கி பிரேக்குக்கான கெமரா ஏற்கனவே அவ்விடத்தில் இருக்கும். அதன் பார்வைக்குக் குறுக்கே எதையும் ஒட்டலாகாது.

மின்னிணைப்பை இரு வழிகளில் பெறலாம். சிகரெட் லைட்டர் துளையில் செருகுவது எளிய வழி. பியூஸ் பெட்டியிலிருந்து நேரடியாக இணைப்பது மற்றையது. நேரடி இணைப்பில் மூன்று வயர்கள் வரும். ஒன்று எப்போதும் மின்சாரம் உள்ள பியூஸுக்கும், இன்னொன்று சாவி திருப்பும்போது மாத்திரம் மின்சாரம் பெறும் பியூஸுக்கும், மூன்றாவது வாகனத்தின் உலோக உடலுக்கும் செல்ல வேண்டும். இதற்கெனக் கிடைக்கும் பியூஸ் இணைப்பிகளைப் பயன்படுத்தாமல் வயரை உரித்து முறுக்கி விடுவது தீ விபத்துக்கு வழிவகுக்கும். காற்றுப்பை, பிரேக் ஆகியவற்றுக்குரிய பியூஸ்களைத் தொடவே கூடாது.

வயரை மேற்கூரையின் விளிம்பு வழியாகவும் முன்கண்ணாடியின் ஓரத்தூண் வழியாகவும் கீழே கொண்டு வருவது வழக்கம். அத்தூணுக்குள் பக்கவாட்டுக் காற்றுப்பை உள்ள வாகனங்களில் வயர் அதன் பின்புறமாகவே செல்ல வேண்டும். முன்புறமாகச் சென்றால் காற்றுப்பை விரியும் வேளையில் அது தடையாகும். சில நூறு ரூபாவை மிச்சப்படுத்த எண்ணி அனுபவமற்றவர்களிடம் வேலையை ஒப்படைப்பதன் ஆபத்து இங்கேதான் உள்ளது. வாகன வயரிங் அறிந்தவரிடம் கொடுத்து, எந்தப் பியூஸிலிருந்து இணைப்பு எடுக்கப்பட்டது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வாகனம் நிறுத்தப்பட்டிருக்கும்போதும் கண்காணிக்கும் வசதி பல கெமராக்களில் உள்ளது. எனினும் அது பற்றரியை மெல்ல மெல்ல உறிஞ்சும். நம் நாட்டில் பெருமளவில் ஓடும் ஹைபிரிட் வாகனங்களின் 12 வோல்ட் துணை பற்றரி சிறியது. அது இறங்கிவிட்டால் வாகனம் இயங்கவே மறுக்கும். மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சென்றதும் கெமராவை நிறுத்தும் பாதுகாப்பு, இணைப்புக் கருவியில் இருக்கின்றதா என்பதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

நேரம் தவறினால் சாட்சியம் தளரும்

ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் இறக்குமதியாகும் வாகனங்கள் சிலவற்றில் கெமரா ஏற்கனவே பொருத்தப்பட்டிருக்கும். அதன் கடிகாரம் ஜப்பானிய நேரத்தைக் காட்டும். அது இலங்கை நேரத்தை விட மூன்றரை மணித்தியாலம் முந்தியது. மாலை 5 மணிக்கு நடந்த விபத்து இரவு 8.30 மணிக்கு நடந்ததாகப் பதிவாகியிருந்தால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் சுட்டிக்காட்டுவது அதையே. திகதியையும் நேரத்தையும் சரிசெய்வது, கெமரா பொருத்திய அன்றே செய்ய வேண்டிய வேலையாகும்.

கெமராவின் பார்வைக்கும் எல்லை உண்டு. அகலமான வில்லையினால் எதிரே உள்ளவை உண்மையை விடத் தூரத்தில் இருப்பது போலத் தோன்றும். காட்சியைப் பார்த்த மாத்திரத்தில் வேகத்தையும் இடைவெளியையும் மதிப்பிட்டுவிட முடியாது. மேலும், முன்புறக் கெமரா பக்கவாட்டில் வந்த மோட்டார் சைக்கிளைக் காட்டாமல் போகலாம். 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்ற நமது பழமொழி கெமராவின் கண்ணுக்கும் பொருந்தும்.

சட்டம் என்ன சொல்கின்றது?

ஒலி, ஒளிப்பதிவுகளை நீதிமன்றத்தில் சான்றாக முன்வைப்பதற்கு 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க சாட்சியம் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இடமளிக்கின்றது. கருவி முறையாக இயங்கியிருக்க வேண்டும், பதிவு எவ்விதத்திலும் மாற்றப்படாதிருக்க வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். அத்தகைய சான்றை முன்வைக்க விரும்புவோர் விசாரணைத் திகதிக்கு 45 நாட்களுக்கு முன்பே அறிவித்தல் கொடுக்க வேண்டும் எனவும் அச்சட்டம் கூறுகின்றது. இலத்திரனியல் பதிவுகள் குறித்து 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்திலும் ஏற்பாடுகள் உள்ளன. ஒரு வழக்கில் எந்தச் சட்டத்தின் வழியாகச் செல்வது என்பதைச் சட்டத்தரணியே தீர்மானிக்க வேண்டும். வாகன உரிமையாளர் செய்ய வேண்டியது ஒன்றே: மூலப் பதிவை வெட்டாமல், ஒட்டாமல் கார்ட்டோடு எடுத்து வைத்து, பிரதியையே மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

கெமரா இருக்கின்றது என்பதற்காக விபத்து நடந்த இடத்திலிருந்து சென்றுவிட முடியாது. வாகனத்தை நிறுத்துவதும், காயமடைந்தவருக்கு உதவுவதும், பொலிஸாருக்கு அறிவிப்பதும் சாரதியின் சட்டபூர்வக் கடமைகளாகும். காப்புறுதி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வரும்போது, பதிவு இருப்பதை அவரிடம் தெரிவித்தல் நன்று.

கெமரா தன் உரிமையாளருக்கு எதிராகவும் சாட்சி சொல்லும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஜி.பி.எஸ் வசதியுள்ள கருவி வேகத்தையும் சேர்த்தே பதிவு செய்யும். தமக்குச் சாதகமாக இருந்தால் காட்டுவது, பாதகமாக இருந்தால் அழித்துவிடுவது என்ற எண்ணத்துடன் கெமரா வாங்குபவர், குற்றமொன்றுக்கான சான்றை அழித்தவர் என்ற நிலைக்குத் தம்மை ஆளாக்கிக் கொள்ளக்கூடும்.

பதிவு எங்கே போகின்றது?

ரஷ்யாவில் காப்புறுதி மோசடிகளுக்கும் பொய்ச் சாட்சிகளுக்கும் அஞ்சிய சாரதிகள் கெமராவைப் பெருமளவில் நாடினர். 2013 பெப்ரவரி 15 ஆம் திகதி செல்யாபின்ஸ்க் நகரின் மேலாக விண்கல் வெடித்துச் சிதறிய காட்சியை உலகம் கண்டது அத்தகைய கெமராக்களின் உதவியினாலேயே. ஜேர்மனியோ அந்தரங்கத்தை முன்னிறுத்தியது. காரணமின்றித் தொடர்ச்சியாக வீதியைப் பதிவு செய்வது தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரணானது. ஆயினும் விபத்து வழக்கில் அப்பதிவைச் சான்றாகக் கொள்ளலாம் என அந்நாட்டின் சமஷ்டி நீதிமன்றம் 2018 மே 15 ஆம் திகதி தீர்ப்பளித்தது. பதிவு நீதிமன்றத்துக்குச் செல்வது வேறு, எல்லோருடைய கைக்கும் செல்வது வேறு என்ற வேறுபாடு நமக்கும் தேவையானது.

அதற்கான காரணத்தை நாம் வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. 2018 பெப்ரவரி 22 ஆம் திகதி தெல்தெனியவில் ஏற்பட்ட வீதித் தகராறைத் தொடர்ந்து சிங்கள லொறிச் சாரதியொருவர் தாக்கப்பட்டார். மார்ச் மாதத் தொடக்கத்தில் அவர் உயிரிழந்தார். கைதானவர்கள் முஸ்லிம்கள். சட்டத்தின் முன் தீர்க்கப்பட வேண்டிய ஒரு குற்றச் சம்பவம், ஒரு சமூகம் முழுவதற்கும் எதிரான வன்முறைக்குச் சாட்டாக்கப்பட்டது. திகனவில் ஆரம்பித்த தாக்குதல்களின் பதற்றம் கட்டுகஸ்தோட்டை, அக்குறணைப் பகுதிகள் வரை பரவியது. மார்ச் 6 ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகாலச் சட்டம் பிரகடனமாயிற்று. மறுநாள் முகநூல், வட்ஸ்அப் உள்ளிட்ட சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அவற்றின் வழியாகப் பரவிய வெறுப்புப் பதிவுகளே அதற்குக் காரணம். அந்நாட்களில் தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்காக முகநூல் நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கோரியது.

தெல்தெனிய லொறியில் ஒரு கெமரா இருந்திருந்தால் இவை யாவும் நேர்ந்திராது என்று சொல்லிவிட முடியாது. திட்டமிட்டு வந்தவர்களுக்கு ஆதாரம் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. எனினும் அதே நாட்களில் கண்காணிப்புக் கெமராக்களில் பதிவான காட்சிகள், வன்முறையில் பொலிஸாரும் அரசியல்வாதிகளும் ஈடுபட்டதாக எழுந்த குற்றச்சாட்டுகளுக்கு வலுச் சேர்த்தன. ரொய்ட்டர்ஸ் செய்திச் சேவை 2018 மார்ச் மாத இறுதியில் இதனை வெளியிட்டது. ஒரே தொழில்நுட்பம் ஒரு கையில் தீயை மூட்டுவதற்கும் இன்னொரு கையில் உண்மையைப் பாதுகாப்பதற்கும் பயன்பட்டமையை இந்த மாவட்டம் ஒரே வாரத்தில் கண்டது.

ஆகவே வீதியில் நடந்த மோதலின் காட்சியை, சாரதியின் பெயரையும் இனத்தையும் ஊகித்து எழுதிய ஒரு வரியுடன் வட்ஸ்அப் குழுவில் இடுவது விளையாட்டல்ல. முப்பது விநாடியாக வெட்டப்பட்ட காட்சியில் அதற்கு முந்திய ஒரு நிமிடம் இருக்காது. இன, மத வெறுப்பைத் தூண்டும் வகையிலான பகிர்வு, 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகவும் அமையக்கூடும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்கு விலக்களிக்கின்றது. பிறரின் முகத்தையும் இலக்கத் தகட்டையும் ஊரறியப் பரப்புவது அந்த எல்லைக்குள் அடங்குமா என்ற வினா எழவே செய்யும்.

முறையான வழிகள் இல்லாமலில்லை. போக்குவரத்து விதிமீறல்களின் படங்களையும் காணொளிகளையும் பொதுமக்கள் நேரடியாக அனுப்புவதற்கென இலங்கைப் பொலிஸ் 2025 ஜூலையில் 'ஈ-ட்ரபிக்' என்ற கைத்தொலைபேசிச் செயலியை அறிமுகப்படுத்தியது. பொலிஸ் நிலையம், காப்புறுதி நிறுவனம், சட்டத்தரணி ஆகிய மூன்று இடங்களுக்கு மேல் ஒரு விபத்துப் பதிவு செல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.

வாகனத்துக்குள் பேசப்படுவதையும் இக்கெமரா பதிவு செய்யும் என்பதையும் மனதிற் கொள்ள வேண்டும். குடும்பத்தினரின் உரையாடலோ, வாடகைக்கு ஏறிய பெண்களின் பேச்சோ கார்ட்டில் சேர்ந்து, பின்னர் பழுதுபார்ப்பவரின் கையில் சிக்குவதை யாரும் விரும்பமாட்டார்கள். ஒலிப்பதிவை நிறுத்தி வைக்கும் வசதி எல்லாக் கருவிகளிலும் உண்டென்று கொள்ளாமல், வாங்கும்போதே கேட்டறிய வேண்டும். வாடகை வாகனமாயின், கெமரா இருப்பதைப் பயணிகளுக்கு அறிவிப்பது மரியாதை.

நம் வீதிகளில் பெரும்பாலான ஆண்டுகளில் 2,000 க்கும் அதிகமான உயிர்கள் பலியாகின்றன. அவற்றைக் கெமரா தடுக்காது. நிதானமான சாரதியே தடுக்க முடியும். ஆனால் விபத்தின் பின்னர் எழும் பொய்களையும் வதந்திகளையும் அது தடுக்க முடியும். அதற்கு அது சரியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்; நேரம் சரியாக இருக்க வேண்டும்; மூலப் பதிவு கைபடாமல் உரிய இடத்துக்குச் செல்ல வேண்டும். பல இனத்தவரும் ஒரே சந்தியில் தினமும் முட்டி மோதிச் செல்லும் கட்டுகஸ்தோட்டை போன்ற ஊர்களில் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பது வாகன உரிமையாளர் ஒவ்வொருவரும் அயலவருக்குச் செய்யும் உதவியாகும்.