நூலுக்குப் பார்க்கிற பக்குவம்

பல்லடம், உடுமலை, அவிநாசி வட்டாரத்து நூற்பு மில்களில் காற்றைப் பக்குவப்படுத்தவே தனி இயந்திரங்கள் ஓடுகின்றன. காற்று காய்ந்துவிட்டால் பருத்தி இழை அறுந்துபோகும், பஞ்சு பறக்கும். அதனால் ஈரப்பதத்தை 55 முதல் 65 சதவீதத்துக்குள் பிடித்து வைப்பார்கள். அளவு கொஞ்சம் இறங்கினாலும் உடனே ஆள் ஓடி வந்து சரிசெய்வார். அதே நூல் திருப்பூருக்கு வந்து, துணியாகி, சிமெண்ட் ஷீட் வேய்ந்த மாடியில் பவர் டேபிளுக்கு ஏறும்போது கதை மாறிவிடுகிறது. சித்திரை வெயிலில், மதியம் 3 மணிக்கு அந்த மாடியில் எத்தனை டிகிரி என்று கேட்டுப் பாருங்கள். யாருக்கும் தெரியாது. சிறிய ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் அளப்பதற்கு ஒரு வெப்பமானி கூட இருக்காது.

நூலுக்கு அளந்து பார்க்கிற தட்பவெப்பத்தை ஆளுக்கும் அளந்து பார்க்க வேண்டும். அப்படிச் செய்தால் உடம்புக்கும் நல்லது, கம்பெனிக் கணக்குக்கும் நல்லது.

மயக்கம் கடைசியில்தான் வரும்

வெயில் பாதிப்பு என்றால் ஆள் சுருண்டு விழுவது என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு வெகு முன்பே விரலும் கண்ணும் தடுமாறத் தொடங்கிவிடும்.

உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். வேலை செய்யும் தசை செலவழிக்கிற ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் வெளிவருகிறது. அதை வெளியேற்ற ரத்தம் தோலை நோக்கிப் பாய்கிறது, வியர்வை சுரக்கிறது. தோலுக்கு ரத்தம் கூடுதலாகப் போகப்போக இதயம் வேகமாக அடிக்கிறது. சோர்வு சீக்கிரம் வருகிறது. வியர்வையாகப் போன நீரைத் திரும்பக் குடிக்காமல் உடல் எடையில் 2 சதவீதம் அளவுக்கு நீர் குறைந்துவிட்டால் கவனம் சிதறுகிறது. 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு அது ஒரே ஒரு லிட்டர்தான்.

ஓவர்லாக் மெஷினில் தோள் ஜாயிண்ட் அடிக்கும் டெய்லரைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பின்னலாடைத் துணி ஓரம் சுருளும் குணம் உள்ளது. சுருளைப் பிரித்து, இரண்டு ஓரங்களையும் ஒன்றாக வைத்து, ஊசிக்கு விரற்கடை தூரத்தில் தள்ளிக் கொடுக்க வேண்டும். வியர்த்த விரலில் துணி ஒட்டுகிறது. நெற்றியில் இருந்து ஒரு சொட்டு வெள்ளைத் துணியில் விழுந்துவிடக் கூடாதே என்று கட்டிங் வேஸ்ட் ஒன்றை எடுத்துத் துடைக்கிறார். அந்த ஒரு நொடியில் ஓரம் நழுவுகிறது, தையல் இறங்குகிறது. பீஸ் ஆல்டருக்குத் திரும்பி வருகிறது. பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்குப் பிரித்துத் தைக்கிற நேரம் அத்தனையும் சொந்த நஷ்டம். அதை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டினால் ஊசி விரலில் ஏறுகிறது. "வெயிலுக்குக் கை ஓடலீங்கண்ணா" என்று அவர் சூப்பர்வைசரிடம் சொன்னால் அது சாக்குப்போக்கு இல்லை. உடலியல் புத்தகத்தில் உள்ள உண்மை.

எண்ணிப் பார்த்தவர்கள் சொன்னது

1940களில் நார்மன் மேக்வொர்த் என்ற பிரிட்டன் உளவியலாளர், தந்திக் குறிப்பெடுக்கும் பயிற்சி பெற்றவர்களை வெப்பமான அறையில் உட்கார வைத்துப் பிழைகளை எண்ணினார். புழுக்கம் ஒரு வரம்பைத் தாண்டியதும் பிழைகள் மளமளவென்று ஏறின. நன்கு தேர்ந்தவர்கள் குறைவாகவும், கற்றுக்குட்டிகள் அதிகமாகவும் தடுமாறினார்கள். புதிதாகச் சேர்ந்த ஹெல்பர்களை அதிக வெக்கையான மூலையில் நிறுத்துகிற நம் வழக்கத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

இந்தியக் கணக்கும் இருக்கிறது. இ.சோமநாதன், ரோகிணி சோமநாதன், அனந்த் சுதர்சன், மீனு தேவாரி ஆகியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வில் சூரத் நெசவுக் கூடங்களும் டெல்லி வட்டாரத்து ஆயத்த ஆடைத் தையல் கூடங்களும் அடக்கம். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் தொழிற்சாலையின் ஆண்டு உற்பத்தி ஏறக்குறைய 2 சதவீதம் குறைவதாக அவர்கள் கண்டார்கள். குளிரூட்டல் உள்ள கூடங்களில் உற்பத்திச் சரிவைத் தடுக்க முடிந்தது. ஆனால், வெப்பம் நீடிக்கும் நாட்களில் ஆட்கள் வேலைக்கு வராமல் போவதைத் தடுக்க முடியவில்லை. காரணம் யூகிக்கக்கூடியதுதான். கூடம் குளிர்ந்தாலும் வீடு குளிரவில்லையே.

2030இல் வெப்பத்தால் இந்தியா இழக்கப்போகும் வேலை நேரம் 5.8 சதவீதம், அதாவது 3 கோடியே 40 லட்சம் முழுநேர வேலைகளுக்குச் சமம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் மதிப்பிட்டது.

வெப்பமானி மட்டும் போதாது

அயர்னிங் செக்‌ஷனில் நிற்பவர்கள் பாடு தனி. அயர்ன் பாக்ஸ் நீராவியைக் கக்கிக்கொண்டே இருக்கும். மேஜை சூடு வயிற்றில் அடிக்கும். ஃபேனைக் கூட்டி வைத்தால் மடித்த பீஸ் பறக்கிறது என்று குறைத்துவிடுவார்கள். காற்றில் ஈரம் ஏறிவிட்டால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது.

இதைக் கணக்கில் எடுக்க 1950களில் அமெரிக்க மரைன் படை வீரர்களின் பயிற்சி முகாம்களுக்காக ஓர் அளவை உருவாக்கினார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவில் 70 சதவீதம், கறுப்பு உருண்டைக்குள் வைத்த வெப்பமானி காட்டும் அளவில் 30 சதவீதம், இரண்டையும் கூட்டினால் கூரைக்குக் கீழே வேலை செய்பவரின் வெப்பச் சுமை கிடைக்கும். இரண்டு கூடங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் வறண்ட காற்று. உருண்டை 40 டிகிரி, ஈர வெப்பமானி 23. சுமை 28.1. இன்னொன்று நீராவி நிறைந்த அயர்னிங் கூடம். உருண்டை 36தான், ஈர வெப்பமானி 28. சுமை 30.4. வெறும் வெப்பமானியைப் பார்த்தால் இரண்டாவது கூடம் தேவலாம் என்று தோன்றும். உடம்புக்கு அதுதான் மோசம். வெயிலுக்குப் பழகியவர் நடுத்தர உழைப்பைத் தொடர்ந்து செய்வதற்குச் சர்வதேசத் தரநிர்ணயம் வைத்திருக்கும் எல்லை 28.

குளிர் நமக்குப் பெரிய சிக்கல் இல்லை

மார்கழி, தை மாத நைட் ஷிப்டில் திருப்பூரில் ஒரு ஸ்வெட்டரோடு சமாளித்துவிடலாம். சாயப்பட்டறையில் ஈரத் துணியோடு மல்லுக்கட்டுபவர்கள் கையுறையும் காய்ந்த மாற்றுச் சட்டையும் வைத்துக்கொண்டால் போதும். கையின் தோல் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் விரல்களின் நுட்பம் குறையும் என்பது நீலகிரித் தோட்டங்களில் உறைபனிக் காலையில் தேயிலை பறிப்பவர்களுக்குப் பொருந்தும். முதல் உலகப் போர்க்கால பிரிட்டன் ஆயுதத் தொழிற்சாலைகளில் சுமார் 20 டிகிரியில் விபத்துகள் மிகக் குறைவாக இருந்தன. அதற்குக் கீழே இறங்கினாலும் மேலே ஏறினாலும் கூடின.

தண்ணீர் குடிக்கத் தயங்கும் பெண்கள்

தண்ணீர் கேன் பக்கத்திலேயே இருக்கும். குடிக்க மாட்டார்கள். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். போனால் லைன் நிற்கும், சூப்பர்வைசர் முறைப்பார், பாத்ரூமும் சுத்தமாக இருக்காது. சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கல் என்று மருத்துவமனைக்குப் போகும் பெண்களில் பலருக்குத் தொடக்கம் இந்தத் தயக்கம்தான். என் பார்வையில், வெயில் காலத்தில் ஒரு கம்பெனி செய்யக்கூடிய முதல் மருத்துவ உதவி, தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள சுத்தமான கழிப்பறை. குளிர்ந்த மோர் கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

கர்ப்பிணிகள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். செங்கல் சூளை, உப்பளம், வயல் என்று கடும் வெப்பத்தில் உழைத்தவர்களுக்குக் கருச்சிதைவு, இறந்து பிறத்தல் ஆகியவற்றின் அபாயம் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. ஆய்வு பனியன் கம்பெனிகளில் நடந்ததல்ல. ஆனாலும் கர்ப்பிணியை அயர்னிங் டேபிளில் இருந்து உடனே மாற்றுவதற்கு இது போதும்.

வெயில் காலத்தில் தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 முதல் 250 மில்லி, போதும். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிக்கவும் கூடாது. ரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும். நிறைய வியர்த்தால் உப்புப் போட்ட மோர், கஞ்சித் தண்ணீர் நல்லது. ரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் போகத் தூண்டும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நீரிழப்பு சீக்கிரம் வரும்.

ஹோலி முடிந்து திரும்பியவர்

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் பலர் ஹோலிக்கு ஊருக்குப் போய்விட்டு மார்ச் கடைசியில் திரும்புகிறார்கள். இங்கே வெயில் ஏறும் நேரம் அது. வெப்பத்துக்குப் பழக உடம்புக்கு 7 முதல் 14 நாள் ஆகும். பழகிய உடம்பும் ஒன்றிரண்டு வாரம் விலகி இருந்தால் அந்தப் பழக்கத்தை இழக்கும். வெப்பத்தால் வேலையிடத்தில் நேரும் மரணங்கள் முதல் சில நாட்களிலேயே அதிகம் நிகழ்கின்றன. புதியவருக்கு முதல் நாள் வெப்பமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு நேரம், பிறகு நாளுக்கு ஒரு பங்கு கூட்டுவது என்பது அமெரிக்கத் தொழில் நலக் கழகம் பரிந்துரைக்கும் முறை. நம் ஊரிலோ ரயிலில் இருந்து இறங்கிய அன்றே ஒன்றரை ஷிப்ட். ஷிப்மென்ட் நெருக்கடி புரிகிறது. ஒரு வாரம் பொறுத்தால் எந்த பையரும் ஓடிப்போக மாட்டார்.

இரவுத் தூக்கமும் இதில் சேரும். லைன் வீட்டின் தகரக் கூரை பகல் சூட்டைச் சுவருக்கும் தரைக்கும் இறக்கிவிடுகிறது. நள்ளிரவிலும் அறை ஆறுவதில்லை. தூங்காத கண்ணோடு கட்டிங் மெஷின் பிளேடின் முன் நிற்பது ஆபத்து.

செலவு அதிகமில்லாத வேலைகள்

கூரையில் வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பம் திருப்பும் பெயின்டோ அடிக்கலாம். பாய்லர் குழாய்களுக்கு உறை போடலாம். அயர்னிங்கைத் தடுப்புச் சுவருக்கு அப்பால் மாற்றி, நீராவியை எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து வெளியேற்றலாம். கூலிங் பேட் நம் பக்கத்து வறண்ட கோடைக்கு நன்றாக வேலை செய்யும். அயர்னிங் கூடத்தில் மட்டும் வேண்டாம், அங்கே ஏற்கெனவே ஈரம் அதிகம். பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பழைய விளக்குகளை எடுத்துவிட்டு எல்இடி போட்டபோது, வெப்பமான நாட்களில் தையல் லைன்களின் உற்பத்தி மேம்பட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் போட்ட விளக்கு, கூடத்தின் சூட்டையும் குறைத்திருக்கிறது.

250 பேருக்கு மேல் உள்ள தொழிற்சாலைகளில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இறந்த பிறகு கிடைக்கும் பணத்தைவிட, 3 மணிக்குக் கிடைக்கும் பத்து நிமிட ஓய்வு மலிவு.

நிலைமை மோசமானால்

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் வேலையை நிறுத்தி நிழலில் உட்கார வைத்து, உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்குச் சர்க்கரை தலை தட்டி 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன்.

பேச்சு குழறினாலோ, இடம் ஆள் தெரியாமல் தடுமாறினாலோ, வலிப்பு வந்தாலோ, மயங்கினாலோ அது வெப்பவாதம். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்வை இருக்கிறதே என்று அசட்டையாக இருக்காதீர்கள். உழைக்கும்போது வரும் வெப்பவாதத்தில் வியர்வை நிற்காமலும் இருக்கும். உடனே 108ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்காமல் உடையைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி, ஃபேனை முழு வேகத்தில் வைத்து விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.