நிறுத்துவதற்கென்றே ஒரு வயர்

உடுமலைப்பேட்டையில் முப்பத்தைந்து வருடம் பட்டறை வைத்திருந்தவன் நான். டிவிஎஸ் 50, கிணற்றடி மண்ணெண்ணெய் என்ஜின், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர் என்று பிளக் மாட்டிய எதுவானாலும் என்னிடம் வரும். பட்டறையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு ஒஹையோவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனது ஓய்வெடுக்கத்தான். மூன்றாம் நாளே கை கறுப்பாகிவிட்டது.

கொலம்பஸ் நகரத்துக்கு வெளியே ஒரு ஏக்கரில் வீடு. நம் ஊரில் என்றால் தக்காளியாவது போட்டிருப்போம். அங்கே அத்தனையும் புல். ஏப்ரலில் தொடங்கி அக்டோபர் வரை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்று, மேலே உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி ஒன்று வைத்திருக்கிறான். பார்வைக்குச் சின்ன டிராக்டர். வயிற்றுக்கடியில் இரண்டு கத்தி. முன்னால் 20 குதிரைத்திறன் பெட்ரோல் என்ஜின், இரண்டு சிலிண்டரும் கவட்டை மாதிரி விரிந்திருக்கும். குளிர்காலம் பூராவும் ஷெட்டில் கிடந்த வண்டி. சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அது பெரிய விஷயமில்லை. நல்ல பேட்டரி நின்ற நிலையில் 12.6 வோல்ட் காட்டும், இது 11.8 காட்டியது. ராத்திரி சார்ஜ் போட்டு, எர்த் வயர் சேஸிஸில் சேரும் இடத்தைத் துருப் போகத் தேய்த்து முடுக்கினேன். காலையில் ஒரே திருகில் பிடித்துக்கொண்டது. பிரேக் பெடலிலிருந்து மகன் காலை எடுத்தான். செத்துப்போனது. மறுபடி மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தான், ஓடியது. காலை எடுத்தான், நின்றது.

"கார்புரேட்டர் அடைச்சிருக்குதுங்களாப்பா?" என்றான்.

அடைப்புக்குப் பிரேக் தெரியாது கண்ணு என்றேன். கட்டளை போட்ட மாதிரி சட்டென்று நின்றால் கரண்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். பெட்ரோல் வராத என்ஜின் திணறும், இருமும், கொஞ்சம் கெஞ்சிவிட்டுத்தான் நிற்கும்.

இந்த என்ஜினின் பிளக்குக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து வருவதில்லை. பலருக்கும் இது நம்பக் கஷ்டமாக இருக்கிறது. பேட்டரிக்கு வேலை ஸ்டார்ட்டரைச் சுற்றுவது, விளக்கு, அப்புறம் கார்புரேட்டர் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் சோலனாய்டு. பொறியை என்ஜின் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஃபிளைவீல் விளிம்பில் காந்தம் பதித்திருக்கும். அது சுற்றும்போது காயிலை உரசாமல் உரசிக்கொண்டு போகும். ஒவ்வொரு முறை கடக்கும்போதும் காயிலில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பிப் பிளக்கில் பாயும். ஜெர்மனியில் பாஷ் கம்பெனியின் ஹோனோல்ட் 1902இல் உயரழுத்த மேக்னெட்டோவைச் செய்துகாட்டினார். டிவிஎஸ் 50இன் வயிற்றில் இருந்ததும் இந்த மேக்னெட்டோ குலம்தான்.

தானே பொறி உண்டாக்கும் என்ஜினை எப்படி நிறுத்துவது? காயிலிலிருந்து ஒரு மெல்லிய வயர் வெளியே வரும். அதை என்ஜின் உடம்பில் தொட வைத்தால் பொறி பிளக்குக்குப் போகாது. அமெரிக்காவில் இதற்குக் 'கில் வயர்' என்று பெயர். புல்வெட்டியில் அந்த வயரால் கொல்லும் அதிகாரம் நாலு பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள்: சாவி, சீட், பிரேக் பெடல், கத்தி சுவிட்ச். பிரேக்கை மிதித்து, கத்தியை நிறுத்தியிருந்தால் சீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் ஓடும். காலை எடுத்துவிட்டாலோ, கத்தியைப் போட்டாலோ, சீட்டில் ஆள் இருந்தாக வேண்டும்; இல்லையென்றால் எர்த் ஆகி அடங்கிவிடும்.

ஆக மகன் உட்கார்ந்திருந்தும், ஆள் இல்லை என்று சீட் சொல்லிக்கொண்டிருக்கிறது. உறுதிசெய்ய, கத்தியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கில் வயரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். காலை எடுத்தும் ஓடியது. வயர் கழன்றிருக்கும்போது சாவி காயிலை அடக்காது. ஆனால் சாவியை அணைத்ததும் சோலனாய்டு பெட்ரோலை மூடியதால் சில நொடியில் நின்றது. சீட்டைத் தூக்கிப் பார்த்தால் சுவிட்சின் பொத்தான் துருவேறி மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் சிக்கியிருந்தது.

"இதை டைரக்ட் பண்ணிரலாங்களாப்பா?"

பட்டறையில் எத்தனையோ சுவிட்சை டைரக்ட் செய்தவன்தான் நான். ஆனால் இது சரிவில் ஏறுகிற வண்டி. ஆள் கீழே விழுந்தால் கத்தி அவன் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். புது சுவிட்ச் வாங்கிவரச் சொல்லிவிட்டேன். இன்னொன்றும் சொல்லிவைத்தேன்: சோதிக்கிறேன் என்று கில் வயருக்கு 12 வோல்ட் கொடுத்துவிடாதே, காயில் போய்விடும். பேட்டரி இக்னிஷன் வண்டியின் சாவி சுவிட்சை இதில் மாட்டுகிறவர்கள் தெரியாமல் செய்வது அதைத்தான்.

சுவிட்ச் மாற்றியாயிற்று. வண்டி ஓடியது, ஆனால் சீவன் இல்லை. கத்தியைப் போட்டதும் குரல் இறங்கியது, மேட்டில் மூச்சு வாங்கியது. சத்தத்திலேயே தெரிந்தது, ஒற்றைக் கால் நடை. எந்தக் கால் என்று பார்க்க மீட்டர் வேண்டாம். அரை நிமிஷம் ஓடவிட்டு, புகைபோக்கி இரண்டு சிலிண்டரிலும் சேரும் இடத்தில் விரலால் தண்ணீர் தெளித்தேன். இடது பக்கம் 'சொய்ங்' என்றது. வலது பக்கம் வெறும் ஈரம்.

பிளக்குகளை இடம் மாற்றிப் போட்டேன். வலதுதான் மறுபடி ஊமை. ஆகவே பிளக் குற்றவாளி இல்லை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு மேல்மூடியைத் திறந்தேன். உள்ளே எலிக்கூடு! உலர்ந்த புல், பஞ்சு, எங்கிருந்தோ இழுத்து வந்த குழந்தையின் சாக்ஸில் பாதி. சிலிண்டரைக் குளிரவைக்கும் தகடுகளுக்கு நடுவே திணித்திருந்தது. அப்படியே வேலை செய்திருந்தால் என்ஜின் வெந்திருக்கும். குளிருக்கு ஒதுங்கிய எலி, வலது காயிலின் கில் வயர் தோலையும் கடித்திருந்தது. செம்பு என்ஜினைத் தொட்டுக்கொண்டிருந்தது. சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு காயிலுக்கும், கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடும் டயோடு தனித்தனியாக வைத்திருப்பதால் ஒன்றின் எர்த் மற்றதைத் தொடவில்லை. அதனால்தான் பாதி உயிர்.

வயரை மாற்றி, காயிலைத் திரும்ப மாட்டும்போது காந்தத்துக்கும் அதற்கும் இடையே மகனின் விசிட்டிங் கார்டைச் செருகி முடுக்கினேன். கால் மில்லிமீட்டர் இடைவெளிக்கு அதைவிடக் கைவாகான அளவுகோல் கிடையாது. தண்ணீர் தெளித்தேன், இரண்டு பக்கமும் சொய்ங்.

அன்று சாயங்காலம் இருபது நிமிஷம் வெட்டியபின் வண்டி இருமி இருமி நடுப்புல்லில் நின்றது. சூடேறினால் மக்கர் செய்யும் காயிலும் உண்டு. ஆறினதும் நல்லபிள்ளையாக ஓடும். மகன் முகம் வாடிவிட்டது. ஆனால் இருமினதே, அதை நான் கேட்டேனே. நடந்துபோய் பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகினேன். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியின் காற்றோட்டைக்குள் மண். குண்டூசியால் குத்திவிட்டு, மீதிப் புல்லை நானே உட்கார்ந்து வெட்டினேன்.