எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க...

பதினேழு வயதுப் பெண் ஒருத்தி கண்விழிக்கிறாள். கையெல்லாம் ரத்தம். அதே வீட்டில், நாடே கொண்டாடும் பாடகன் கோரி ஃபீல்ட்ஸ் செத்துக் கிடக்கிறான். என்ன நடந்தது என்று அவளுக்கே நினைவில்லை. டிஃபனி டி. ஜாக்சன் எழுதி, 2020 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த ‘குரோன்’ நாவலின் தொடக்கம் இது. பதின்வயதினருக்காக எழுதப்பட்ட த்ரில்லர். கொன்றது யார் என்ற கேள்வி நம்மைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகிறது. ஆனால், படித்து முடித்த பிறகு என் தூக்கத்தைக் கெடுத்தது வேறு கேள்வி: சுற்றிலும் இத்தனை பெரியவர்கள் இருந்தும், ஏன் ஒருவர்கூட அவனைத் தடுக்கவில்லை?

அந்தப் பெண்ணின் பெயர் என்சான்டட் ஜோன்ஸ். நியூயார்க் புறநகரில், வெள்ளையினப் பிள்ளைகள் நிறைந்த பள்ளியில் படிக்கும் கறுப்பினப் பெண். நீச்சலில் கெட்டி. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் மூத்தவள். பெரிய பாடகியாக வேண்டும் என்பது கனவு. பாட்டுப் போட்டிக்கான தேர்வுக்குப் போன இடத்தில் கோரியின் கண்ணில் படுகிறாள். அவனுக்கு வயது 28.

எடுத்த எடுப்பிலேயே அவன் அத்துமீறுவதில்லை. ஜாக்சனின் திறமையை நான் வியந்தது இங்கேதான். அவன் அவளுடைய குரலைப் பாராட்டுகிறான். தன் இசை நிகழ்ச்சிக்கு அழைக்கிறான். ‘பிரைட் ஐஸ்’ என்று செல்லப்பெயர் வைக்கிறான். ராத்திரியில் மெசேஜ் வருகிறது. அவள் பேசுவதையெல்லாம் காது கொடுத்துக் கேட்கிறான். அந்த வயதில் இதைவிட வேறென்ன வேண்டும்? படிக்கிற நமக்கே ஓரிரு இடங்களில் அவனைப் பிடித்துப்போகிறது. அதை உணர்ந்ததும் உடம்பு கூசுகிறது.

அவளை வளைப்பதற்கு முன்பே, அவளைச் சுற்றி இருப்பவர்களை அவன் வளைத்துவிடுகிறான். பெற்றோர் பாசக்காரர்கள், யோசிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் மகளின் கனவு கைகூடும் நேரம். துணைக்கு ஒரு பெண் கூடவே இருப்பாள் என்ற உறுதிமொழி வேறு. சம்மதித்துவிடுகிறார்கள். இசைச் சுற்றுப்பயணம் கிளம்பிய பிறகு எல்லாம் மாறுகிறது. போன் கையைவிட்டுப் போகிறது. அறைக்கதவு பூட்டப்படுகிறது. குடிக்கக் கொடுப்பதில் போதைமருந்து. சம்பளம் வாங்குபவர்கள் வாய் திறப்பதில்லை. ரசிகர்களோ, பணத்துக்காக ஒட்டிக்கொண்டவள் என்று அவளையே ஏசுகிறார்கள்.

இது மிகைப்படுத்தப்பட்ட கற்பனை என்று தோன்றினால், அமெரிக்கப் பாடகர் ஆர். கெல்லியின் வழக்கைப் படித்துப் பாருங்கள். இது அவரைப் பற்றிய புத்தகம் அல்ல என்று ஜாக்சன் சொல்லியிருக்கிறார். ஆனாலும் கெல்லியை நினைக்காமல் யாராலும் இதைப் படிக்க முடியாது. 1994-இல் கெல்லி, தான் பாட்டெழுதி ஆல்பம் தயாரித்துக் கொடுத்த பாடகி ஆலியாவை ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளைக்கு 27 வயது, பெண்ணுக்கு 15. சான்றிதழில் 18 என்று இருந்தது. போலி அடையாள அட்டை வாங்க அரசு ஊழியர் ஒருவருக்கு 500 டாலர் லஞ்சம் கொடுத்ததாக, கெல்லியின் முன்னாள் மேலாளர் பின்னாளில் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அந்தத் திருமணம் அடுத்த ஆண்டே ரத்தானது. விஷயம் அப்போதே பத்திரிகையில் வந்தது. நாடு அதைப் படித்துவிட்டு, அவருடைய அடுத்த பாட்டுக்கு ஆடியது.

சிகாகோ சன்-டைம்ஸ் இதழில் பத்திரிகையாளர் ஜிம் டிரோகாடிஸ் 2000-ஆம் ஆண்டிலிருந்தே கெல்லியைப் பற்றி விடாமல் எழுதினார். 2017-இல் அட்லாண்டாவில் இரண்டு கறுப்பினப் பெண்கள் கெல்லியின் பாடல்களைப் புறக்கணிக்கச் சொல்லி இயக்கம் தொடங்கினார்கள். 2019-இல் அவரைப் பற்றிய ஆவணத் தொடர் வந்தது. அதன் பிறகுதான் சட்டம் வேகம் பிடித்தது. 2021-இல் புரூக்ளின் நீதிமன்றத்தில் பெண்கள் வரிசையாகச் சாட்சி சொன்னார்கள்: சாப்பிட, கழிப்பறைக்குப் போக அவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அவருக்கு 30 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

ஏன் இவ்வளவு தாமதம்? கறுப்பினச் சிறுமிகளைப் பெரியவர்கள் அவர்களின் வயதைவிட முதிர்ந்தவர்களாகப் பார்க்கிறார்கள். அரவணைப்பும் பாதுகாப்பும் இவர்களுக்குக் குறைவாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரியின் ஆய்வறிக்கை ஒன்று 2017-இல் இதை வெளிப்படுத்தியது. ஐந்து வயதுக் குழந்தையிடமே இந்தப் பார்வை தொடங்கிவிடுகிறதாம். நாவலில், கோரியின் கொலை விசாரணையில் என்சான்டட்டை நம்ப மறுப்பவர்களும் அவளை இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறார்கள்.

இந்தக் கதைக்கு த்ரில்லர் வடிவம் பொருந்திப்போவதும் அதனால்தான். என்சான்டட்டின் நினைவில் ஓட்டைகள். அவள் சொல்வது நிஜமா, பிரமையா என்று நமக்கும் சந்தேகம் தட்டுகிறது. ஊரோடு சேர்ந்து நாமும் அவளைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யத் தொடங்குகிறோம். ஜாக்சன் நம்மை வேண்டுமென்றே அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார். கடைசி அத்தியாயங்கள் மட்டும் எனக்கு ஏமாற்றம். முடிச்சுகள் அவசர அவசரமாக அவிழ்கின்றன. இவ்வளவு பட்ட பெண் மீண்டு வரும் வழிக்கு இன்னும் பக்கங்கள் ஒதுக்கியிருக்க வேண்டும்.

மீண்டு வர எத்தனை காலமாகும் என்பதற்கு கெல்லியின் சிகாகோ வழக்கு சாட்சி. கெல்லி ஒரு சிறுமியுடன் இருக்கும் வீடியோ 2002-இல் வெளியானது. வழக்கு நடந்தது. வீடியோவில் இருப்பது தான் இல்லை என்று அந்தப் பெண் மறுத்தாள். பெற்றோரும் மறுத்தார்கள். 2008 விசாரணைக்கு அவள் சாட்சி சொல்லவே வரவில்லை; கெல்லி விடுதலையானார். 2022 ஆகஸ்டில், கெல்லி மீதான மற்றொரு விசாரணையில், ‘ஜேன்’ என்ற புனைபெயரில் அந்தப் பெண் கூண்டேறினார். வயது 37. அந்த வீடியோவில் இருப்பது நான்தான், அப்போது எனக்கு 14 வயது என்றார். இந்த முறை ஜூரி அவரை நம்பியது.