ஆறு பேரும் முப்பது நாளும்

தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் வில்லாக் குடியிருப்பு ஒன்றில் என் தங்கை வீடு வாங்கியிருக்கிறாள். அங்கே மூன்று குளங்கள். விளம்பரத் தாளில் மூன்றும் நீலமாக இருந்தன. இப்போது ஒன்றில் முழங்கால் அளவுக்குப் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. ஒன்றில் கோரை மண்டியிருக்கிறது. மூன்றாவதில், அடியில் விரித்த கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் கிழிந்து, காய்ந்த தரையில் சுருண்டு கிடக்கிறது. போன மாசியில் நான் போயிருந்தபோது குடியிருப்போர் சங்கக் கூட்டம் நடந்தது. பில்டருக்கு அனுப்பவேண்டிய கடிதத்தைச் செயலாளர் வாசித்துக் காட்டினார். பதினொரு குறைகளில் முதலாவது இது: குளத்தில் விட்ட தண்ணீர் நிலத்துக்குள் இறங்கிவிடுகிறது.

நான் வளர்ந்த செங்கல்பட்டுச் சீமையில் இதை யாரும் குறையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். குளத்துத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கியதால்தான் வைகாசியிலும் தெருக் கிணற்றில் ஊற்று இருந்தது. கரை கசிந்தால் ஊரே மண்வெட்டியோடு ஓடும். அடி கசிந்தால் கிணறு நிறையும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாயிற்று. தங்கையின் குடியிருப்பிலும் வீட்டுக்கு வீடு குழி தோண்டி, மாடித் தண்ணீரை நிலத்துக்குள் இறக்கியிருக்கிறார்கள். அதே நிலத்துக்குள் தண்ணீர் இறங்கிவிடக் கூடாதென்று குளத்தில் ஷீட் விரித்திருக்கிறார்கள்.

ஊர்க் குளம் தனியாக இருந்ததில்லை. மழை பெய்தால் ஏரி நிறையும். நிறைந்தால் கலங்கலில் வழியும். வழிந்தது கால்வாய் பிடித்து அடுத்த தாங்கலுக்கோ குளத்துக்கோ போகும். வரத்துக்கால் எது, போக்குக்கால் எது என்பது பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். தங்கையின் குடியிருப்புக் குளங்களுக்கு வரத்துக்கால் இல்லை. முதல் வருடம் டேங்கர் லாரித் தண்ணீர் விட்டார்கள். பிறகு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். பச்சை வந்தது அப்படித்தான். சாலையில் விழும் மழை, வடிகாலில் இறங்கிச் சுற்றுச்சுவருக்கு வெளியே போய்விடுகிறது.

இதே வட்டாரத்தில், உத்திரமேரூர்க் கோயில் சுவரில், ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆள் எடுத்த விதம் கல்வெட்டாக இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலம். 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டியவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. குடும்புக்கு ஒருவர் எனக் குடவோலையில் பெயர் எடுத்து, அந்த 30 பேரில் ஆறு பேரை ஏரி வாரியத்துக்கு அமர்த்தினார்கள். வயது 35-க்குக் குறையக் கூடாது, 70-ஐத் தாண்டக் கூடாது. பதவி 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. அவருடைய உறவினர் பெயரையும் இடக் கூடாது.

சங்கத்தின் கடிதத்தில் இரண்டாவது குறையும் கணக்கைப் பற்றியதுதான். வீடு விற்றபோது வாங்கிய பராமரிப்பு வைப்புத்தொகை என்ன ஆயிற்று? ஆயிரத்து நூறு ஆண்டில் கேள்வி மாறவில்லை. கேட்கும் இடம் மாறியிருக்கிறது. அன்று கணக்குக் கேட்டவரும் காட்டவேண்டியவரும் ஒரே ஏரித் தண்ணீரில் பயிர் வைத்தவர்கள். இன்று கேட்பவர் குளக்கரையில் இருக்கிறார். காட்டவேண்டியவர் நகரத்து அலுவலகத்தில், அடுத்த மனைப்பிரிவின் விளம்பரத் தாளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்.

பராமரிப்புக்குப் பணம் ஒதுக்குவதும் பழைய வழக்கமே. செங்கல்பட்டுச் சீமையில் 1767 முதல் 1774 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் பார்னார்டு எடுத்த கணக்குகளில், விளைச்சலைப் பங்கிடும் முன்பே ஏரிக்கென்று ஒரு பங்கு எடுத்துவைத்தது பதிவாகியிருக்கிறது. ஏரி கெட்டால் விளைச்சல் குறையும், விளைச்சல் குறைந்தால் எல்லோர் பங்கும் குறையும். இன்று சதுர அடிக் கணக்கில் மாதாமாதம் கட்டணம். குளம் நிறைந்தாலும் வற்றினாலும் தொகை அதேதான்.

சித்திரையில் எங்கள் குளம் வற்றத் தொடங்கும். முழுக்க வற்றுமுன் மீன் பிடிப்பார்கள். ஏலத்தொகை ஊர்ப் பொதுவுக்குப் போகும். வற்றிய பின் தரை வெடிக்கும். அப்போது வண்டி கட்டிக்கொண்டு இறங்குவார்கள். மேல் வண்டல் வயலுக்கு. அடிக் களிமண் குயவருக்கும் சுவர் வைப்பவருக்கும். தூர்வாருதல் என்று தனியாக ஒரு வேலை நடந்ததாக எனக்கு நினைவில்லை. மண் தேவைப்பட்டது, குளம் ஆழமாயிற்று. 2017-இல் ஊராரே ஏரி, குளத்தைப் பராமரிக்கும் குடிமராமத்து என்ற பழைய பெயரில் அரசே ஒரு திட்டம் தொடங்கியது. தாம்பரத்துக்கு அருகே உள்ள மணிமங்கலம் ஏரியில்தான் தொடக்கவிழா. முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். ஒரு கோடை முழுக்க வண்டி வண்டியாகப் போன மண்ணை ஜே.சி.பி. சில நாளில் அள்ளிவிடுகிறது. அள்ளிய வண்டலை வாங்கிக்கொள்ள இருந்த வயல்தான், பல இடங்களில் மனையாகிவிட்டது.

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தக் காலமே பொற்காலம் என்று முடித்துவிட முடியாது. உத்திரமேரூர் பிராமணர்களின் ஊர். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உள்ளவர் பெயர்தான் குடத்துக்குள் போனது. பழைய குடிமராமத்திலும், தன் வயலுக்கு உரமாகுமென்று அள்ளியவர் உண்டு. நிலமும் இல்லாமல் கூலியும் இல்லாமல் சுமந்தவரும் உண்டு. அந்த வேலையைச் செய்யவைக்க 1858-இல் சென்னை மாகாணத்தில் வந்த சட்டத்தின் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். மதகைத் திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பங்கிட்ட நீர்க்கட்டி பெரும்பாலும் தலித்தாக இருந்தார். ஏரியின் ஆழம் அவருக்குத்தான் தெரியும். ஊர்க் குளத்துப் படித்துறையில் அவர் கால் நனைக்க முடியாது.

இன்று அது மாறியிருக்கிறது. தங்கையின் குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒரு பெண். மண் சுமப்பது யார் என்று கூட்டத்தில் எவரும் எவர் முகத்தையும் பார்க்கவில்லை. பில்டரிடம் கேட்பதற்குச் சட்டமும் இருக்கிறது. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ சேவையிலோ குறை தெரிவித்தால், 30 நாளுக்குள் செலவு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு 12-ஆம் பிரிவு இழப்பீடு தருகிறது. நீலக் குளம் அச்சிட்ட தாளைத் தங்கை பத்திரங்களோடு சேர்த்து வைத்திருக்கிறாள். இதெல்லாம் பெரிய லாபம். வாடகைக்கு இருப்பவருக்கு மட்டும் அந்தச் சங்கத்தில் வாக்கு இல்லை. சொந்த மனை வேண்டும் என்ற பழைய விதி அந்த ஓர் இடத்தில் அப்படியே நிற்கிறது.

நீர் இருந்த இடத்தில் வீடு எழும்புவது சென்னைக்குப் புதிதல்ல. மயிலாப்பூரின் நீண்ட ஏரி இருந்த இடத்தில் 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டத்தைத் திறந்தார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடும் நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியாவும் பெயரளவில் மிஞ்சின. அன்று ஏரி போனபின் பெயர் தங்கியது. இன்று பெயரை முதலில் வைத்துவிட்டு அதற்கேற்றபடி குளம் வெட்டுகிறார்கள்.

கூட்டம் முடியும் நேரத்தில் ஒருவர் எழுந்தார். ஷீட்டை எடுத்துவிட்டு, களிமண் போட்டு இறுக்கி, வடிகாலைக் குளத்துக்குத் திருப்பினால் என்ன என்று கேட்டார். அப்படியானால் வருடா வருடம் தூர்வார வேண்டுமே, யார் செய்வது என்றார் இன்னொருவர். பதில் வரவில்லை. புதிய ஷீட் போட்டுத் தரும்படி கேட்பதென்று முடிவாயிற்று. நியாயமான கோரிக்கைதான், பணம் வாங்கியவர் போட்டுத்தான் தர வேண்டும்.

உத்திரமேரூரில் 360 நாள் முடிந்ததும் ஆறு பேர் இறங்குவார்கள். மறுபடி ஓலை எழுதி, வேறு ஆறு பேர் வருவார்கள். அந்த ஏற்பாட்டில் ஏரிக்கு அடுத்த ஆள் யார் என்பதற்கு வழி இருந்தது. சட்டம் சொல்லும் ஐந்து ஆண்டு முடிந்ததும் பில்டர் இறங்கிக்கொள்வார். அடுத்து யார் என்பது பதினொரு குறைகளில் எதிலும் இல்லை. தங்கைக்கு வீட்டை ஒப்படைத்து நான்கு ஆண்டு இரண்டு மாதம் ஆகிறது.