முதல் வெட்டு எந்த மரத்தில்?

நீலாய் வட்டாரத் தோட்டங்களில் பால் வெட்டிய தாத்தாவோ பாட்டியோ உங்கள் வீட்டில் இருந்தால், "முதன்முதல்ல எந்த மரத்துல கத்தி வெச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நன்றாகப் பால் தரும் இளமரத்தில் என்று பதில் வருவது அரிது. புதியவரை உடனே களத்தில் இறக்குவதா, ஓரமாக உட்கார்ந்து பார்த்துக் கற்க விடுவதா என்று விளையாட்டுக் குழுக்கள் இன்றும் விவாதிக்கின்றன. ரப்பர் தோட்டங்கள் இதற்கு எப்போதோ ஒரு வழி கண்டுவிட்டன. அதன் காரணம் மரப்பட்டைக்குள் இருக்கிறது.

ரப்பர் மரத்தில் பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டைக்குள் வளையம் வளையமாக அமைந்துள்ளன. வெளிப்புறத்தில் அவை குறைவு. உள்ளே போகப் போக நெருக்கம் கூடும். அந்த நெருக்கமான பகுதியை அடுத்து, கட்டையை ஒட்டி, கேம்பியம் என்ற மிக மெல்லிய படலம் உண்டு. புதுப்பட்டையை உருவாக்குவது அதுதான். ஆகவே கத்தி ஆழமாகப் போனால் பால் கூடும். ஆபத்தும் கூடவே கூடும். கேம்பியத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் முன்பாகக் கத்தி நின்றுவிட வேண்டும். உங்கள் அடிக்கோலில் மிகச் சிறிய ஒரு கட்டம், அவ்வளவுதான்!

ஆழம் போதாவிட்டால் அன்றைய பால் குறையும், அதோடு முடிந்தது. கேம்பியத்தில் காயம் பட்டால் கதை வேறு. அந்த இடத்தில் மரம் முண்டும் முடிச்சுமாகக் கட்டை வளர்த்து மூடிக்கொள்ளும். வெட்டிய பட்டை மறுபடி வளர்ந்து அடுத்த சுற்று வெட்டுக்குத் தயாராக ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். அப்போது அங்கே கத்தி சீராக ஓடாது. இன்று ஒரு பழகாத கை செய்த தவறை, ஏழெட்டு ஆண்டுகள் கழித்து வேறொருவர் சந்திப்பார்.

இதற்கு வேகமும் வேண்டும். ஒருவர் ஒரு காலையில் 500 மரங்களை நான்கு மணி நேரத்தில் வெட்டுகிறார் என்று வையுங்கள். நடந்து செல்லும் நேரத்தையும் சேர்த்து ஒரு மரத்துக்கு 29 விநாடிகூட இல்லை. அதற்குள் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும் சரிவு மாறாமல், சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைச் சீவி எடுக்க வேண்டும். கொஞ்சம் தடிமனாகச் சீவினால் என்ன? ஆண்டுக்கு 150 நாள் வெட்டினால் ஒன்றரை மில்லிமீட்டர் என்பது 22.5 சென்டிமீட்டர் ஆகிறது. அதையே 3 மில்லிமீட்டராகச் சீவினால் 45. இரண்டு ஆண்டுக்கான பட்டை ஓர் ஆண்டிலேயே தீர்ந்துவிடும்.

அப்படியானால் பார்த்தே கற்றுக்கொள்ளலாமா? பாதிதான் முடியும். ஃபிட்ஸ், போஸ்னர் என்ற உளவியலாளர்கள் 1967-இல் கைத்திறன் கற்பதை மூன்று கட்டங்களாக விளக்கினார்கள். முதலில் ஒவ்வோர் அசைவையும் யோசித்துச் செய்கிறோம். பிறகு பிழைகள் குறைகின்றன. கடைசியில் யோசிக்காமலேயே கை ஓடுகிறது. முதல் கட்டத்துக்குப் பார்ப்பது பெரிதும் உதவும். ஆனால் பட்டை கொடுக்கும் எதிர்ப்பைக் கண்ணால் உணர முடியாது. அதைக் கைதான் உணர வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் விடியலில் பெற்றோருடன் போய், முதலில் கத்தி இல்லாத வேலைகளையே செய்தார்கள். மங்கைத் துடைப்பார்கள். வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர் இழையை உரிப்பார்கள். இந்த இழை உரிப்பதை நான் சாதாரண வேலையாக நினைக்கவில்லை. நேற்றைய வெட்டு எவ்வளவு ஆழம், எவ்வளவு சரிவு என்பதை ஒவ்வொரு மரத்திலும் மூக்குக்கு நேரே பார்க்கும் வேலை அது.

அடுத்து வந்தது பழைய மரம். விரைவில் வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்யப்போகும் மரத்தில் காயம் பட்டால் நட்டம் பெரிதல்ல. ஆனால் பட்டை உண்மையான பட்டை, பால் உண்மையான பால். ஆழம் மிஞ்சினால் கட்டை தெரிந்துவிடும். பிழை அந்த நொடியே கண்ணில் படும்.

இப்போது விளையாட்டுக்கு வருவோம். அமெரிக்கக் காற்பந்தில் குவாட்டர்பேக் என்ற ஆட்டக்காரர், எதிரணியினர் பாய்ந்து வருவதற்குள் யாருக்குப் பந்தை எறிவது என்று சில விநாடியில் முடிவெடுக்க வேண்டும். பெய்ட்டன் மேனிங் 1998-இல் முதல் ஆட்டத்திலேயே இறக்கப்பட்டார். அந்தப் பருவத்தில் அவர் எறிந்த 28 பந்துகளை எதிரணியினர் பிடித்தனர். அவரது அணி 16 ஆட்டங்களில் 13-இல் தோற்றது. மறு ஆண்டு அதே அணி 13-இல் வென்றது! பேட்ரிக் மஹோம்ஸ் 2017 முழுவதும் மூத்தவர் ஒருவருக்குப் பின்னால் காத்திருந்து, ஒரே ஓர் ஆட்டத்தில்தான் தொடக்க வீரராக இறங்கினார். 2018-இல் அந்த லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார்.

இருவரும் வென்றார்கள். அப்படியானால் எந்த வழி நல்லது? இந்த இரண்டு பெயர்களை வைத்துச் சொல்ல முடியாது. இது சோதனைக்கூடப் பரிசோதனை அல்ல. மேனிங் காத்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று ஒப்பிட இன்னொரு மேனிங் இல்லை. உடனே இறங்கித் தடுமாறி மறைந்தவர்களின் பெயரும் நம் நினைவில் நிற்பதில்லை.

மரத்தோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெரியும். மேனிங்கின் தோல்விகள் அந்தப் பருவத்தோடு கழிந்தன. கேம்பியக் காயம் கழிவதில்லை. உங்கள் பள்ளிக் காற்பந்துக் குழுவில் மாற்று ஆட்டக்காரராக இருப்பவருக்கும் இதே கணக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. அவரை மாவட்ட இறுதியாட்டத்தில் திடீரென இறக்குவதற்கும், பருவம் முழுக்க உட்காரவைப்பதற்கும் நடுவே நட்புமுறை ஆட்டங்கள் இருக்கின்றன. அவைதான் அவருக்குப் பழைய மரங்கள்.

தோட்டத்திலோ, நல்ல மரங்களின் நிரை கைக்கு வந்த பிறகும் சோதனை நின்றுவிடாது. கங்காணி பின்னால் வந்து காயங்களைப் பார்த்துக்கொண்டே போவார்.