பெட்டி கட்டும் நேரம்



மே மாதம் பிறந்தால் பங்கு இல்லங்களில் அட்டைப்பெட்டிகளும் சணல் கயிறும் வந்து சேரும். அருள்பணியாளர்களுக்கு அது பணிமாற்றக் காலம். நமக்கு மட்டுமல்ல, பலருக்கும் அது கிளம்புகிற காலம். பள்ளிப்படிப்பை முடித்த பிள்ளை கல்லூரி விடுதிக்குக் கிளம்புகிறான். விசா கிடைத்த இளைஞர் வளைகுடா நாட்டுக்குக் கிளம்புகிறார். திருமணமான மகள் கணவரின் ஊருக்குக் கிளம்புகிறாள். “சாமி, நல்லபடியாப் போய்ச் சேரணும், ஆசீர்வாதம் பண்ணுங்க” என்று வருகிறவர்களின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து அனுப்பி வைக்கிறோம். ஆனால் எப்படிக் கிளம்ப வேண்டும் என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. என் சொந்த அனுபவம் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அது எனக்குப் பெருமை தரும் அனுபவம் அல்ல.

கனவில் குடியேறியவன்

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மே மாதம் எனக்குப் பணிமாற்றக் கடிதம் வந்தது. அப்போது நான் இருந்தது வறண்ட பூமி. ஐந்து கிளைக் கிராமங்கள், பழைய மோட்டார் சைக்கிள், தீராத தண்ணீர்ப் பிரச்சனை. புதிய பங்கோ மலையடிவாரத்தில் இருந்தது. கடிதத்தைப் படித்த அன்றே என் மனம் அங்கே குடியேறிவிட்டது. சன்னலைத் திறந்தால் மலை தெரியுமா, புத்தக அலமாரியை எந்தச் சுவரோடு வைக்கலாம், எந்தக் கிழமையில் எந்தக் கிராமத்திற்குப் போகலாம் என்று கண்ணைத் திறந்துகொண்டே கனவு கண்டேன். திருப்பலியில் நிற்கும்போதும் அதே நினைப்புதான்.

ஒரு மாலை, புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது பங்கைச் சேர்ந்த ஒருவர் வந்தார். “சாமி, அம்மாவுக்கு முடியல. நன்மை வாங்கணும்னு கேக்குறாங்க” என்றார். அவருடைய தாய் நெடுநாளாகப் படுக்கையில் இருந்தவர். முதல் வெள்ளிதோறும் நற்கருணை கொண்டுபோய்க் கொடுத்துவந்தேன். அந்த மாதம் வேலை நெருக்கடியில் போகவில்லை. “நாளைக் காலையில பூசை முடிஞ்சதும் வர்றேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

காலையில் போனேன். இரவிலேயே அவருக்கு நினைவு தப்பியிருந்தது. நினைவிழந்தவருக்கும் நோயில்பூசுதல் வழங்கலாம். வழங்கினேன். ஆனால் விழுங்க முடியாதவருக்கு நற்கருணை கொடுக்க முடியாதே! சிமிழைத் திரும்ப எடுத்துவந்து நற்கருணைப் பேழையில் வைத்தேன். மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். அந்த மகன் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று என் பெட்டிகளை வேனில் ஏற்றிவிட்டவர்களுள் அவரும் ஒருவர்.

வழியுணவு என்பது என்ன?

அந்தத் தாய் கேட்டதற்குத் திருச்சபை வைத்திருக்கும் பெயர் ‘வழியுணவு’. இறக்கும் தறுவாயில் இருப்போர்க்குக் கொடுக்கப்படும் நற்கருணை அது. இறப்போர்க்கான இறுதி அருளடையாளம் நோயில்பூசுதல் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். நோயில்பூசுதல் நோயுற்றோர்க்கு உரியது. இவ்வுலகை விட்டுப் புறப்படுகிறவருக்கே உரிய அருளடையாளம் வழியுணவாக அளிக்கப்படும் நற்கருணைதான். 325இல் கூடிய நீசேயா பொதுச்சங்கம், இறப்போர் யாருக்கும் இதை மறுக்கக் கூடாது என்பதைப் பழைய சட்டமாகவே குறிப்பிட்டு வலியுறுத்தியது. அப்படியானால் இந்த வழக்கம் அதற்கும் முந்தியது.

இதன் வேர் பாஸ்கா விருந்தில் இருக்கிறது. எகிப்தை விட்டுப் புறப்படும் இரவில் இஸ்ரயேலர் இடைக்கச்சை கட்டி, செருப்பணிந்து, கோலைப் பிடித்தபடி விரைவாக உண்ண வேண்டும் என்று ஆண்டவர் கட்டளையிட்டார் (விப 12:11). பயணத்துக்கு ஆயத்தமானவர்களின் உணவு அது. அன்று மாலை அந்த வீட்டில் உண்மையாகவே பயணத்துக்கு ஆயத்தமாக இருந்தவர் அந்தத் தாய். நானோ பெட்டி மட்டும் கட்டிக்கொண்டிருந்தேன்.

கனவு காண்பது தவறா?

தவறில்லை. புனித பவுல் உரோமையருக்கு எழுதும்போது, ஸ்பெயினுக்குப் போகும் வழியில் உங்களைச் சந்திப்பேன் என்று தம் பயணத் திட்டத்தையே எழுதுகிறார் (உரோ 15:24). ஆனால் அதற்கு முன் எருசலேமில் உள்ள ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது என்றும் சொல்கிறார் (உரோ 15:25-28). ஸ்பெயின் அவருடைய கனவு. காணிக்கை அவருடைய கையிலிருந்த கடமை. கடமையை முடித்த பிறகே கனவு. பிறகு அவர் உரோமைக்குப் போய்ச் சேர்ந்தது கைதியாகத்தான்.

நாளை இந்த நகருக்குப் போவோம், ஓராண்டு தங்குவோம், வணிகம் செய்து பொருள் ஈட்டுவோம் என்று பேசுவோரைப் புனித யாக்கோபு கண்டிக்கிறார் (யாக் 4:13-15). திட்டமிடுவதை அவர் தடுக்கவில்லை. ஆண்டவர் விரும்பினால் என்ற சொல் அதில் இல்லாததையே கண்டிக்கிறார்.

வராத கப்பல்

நம் கடற்கரை மக்கள் நன்றியோடு நினைக்கும் புனித பிரான்சிஸ் சவேரியாரின் கதையே இதற்கு நல்ல சான்று. 1534 ஆகஸ்டு 15 அன்று பாரிஸ் நகரின் மோன்மார்த் குன்றில் புனித இஞ்ஞாசியாரும் சவேரியாரும் மற்ற ஐந்து தோழர்களும் சேர்ந்து வாக்குறுதி எடுத்தார்கள். அவர்களுடைய ஆசை எருசலேமுக்குப் போய் ஆன்மப்பணி செய்வது. ஓராண்டுக்குள் போக வழி கிடைக்காவிட்டால், திருத்தந்தை அனுப்பும் இடத்துக்குப் போவது என்றும் சேர்த்துத் தீர்மானித்திருந்தார்கள்.

1537இல் வெனிஸ் நகரில் கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். வெனிசுக்கும் துருக்கியருக்கும் போர் மூண்டதால் கப்பல் வரவில்லை. அவர்கள் சும்மா காத்திருக்கவில்லை. மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார்கள். அதே ஆண்டு ஜூன் 24 அன்று சவேரியார் குருத்துவத் திருநிலைப்பாடு பெற்றார். காலக்கெடு முடிந்ததும் உரோமைக்குப் போய்த் திருத்தந்தையின் கையில் தங்களை ஒப்படைத்தார்கள்.

1540இல் போர்த்துக்கல் மன்னர் மூன்றாம் ஜான் இந்தியாவுக்கு அருள்பணியாளர்களைக் கேட்டார். முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சவேரியார் அல்ல. குறிக்கப்பட்டிருந்த பொபதில்லா நோயுற்றதால் அந்த இடத்துக்குச் சவேரியார் அழைக்கப்பட்டார். அவர் உடனே இசைந்தார். ஓரிரு நாளில், பழைய உடைகளைத் தைத்து ஒட்டுப்போட்டுக்கொண்டு, உரோமையை விட்டுக் கிளம்பிவிட்டார். 1541 ஏப்ரல் 7 அன்று, தம் 35ஆம் பிறந்த நாளில், லிஸ்பனிலிருந்து கப்பலேறினார். வழியில் மொசாம்பிக்கில் மாதக்கணக்கில் தங்கி அங்கும் நோயாளிகளைக் கவனித்தார். 1542 மே 6 அன்றுதான் கோவா வந்து சேர்ந்தார். அந்த ஆண்டிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்து, செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடம் செய்து கற்பித்தார்.

வெனிசில் அந்தக் கப்பல் வந்திருந்தால்? சவேரியார் ஆசைப்பட்ட பயணம் நிறைவேறியிருக்கும். நம் கரைக்கு அவர் வந்திருப்பாரா? அவருடைய கடைசிக் கனவான சீன நாடும் கைகூடவில்லை. கரை கண்ணுக்கெட்டும் தொலைவில், சாங்சுவான் தீவில், 1552 டிசம்பர் 3 அன்று இறந்தார்.

இன்னொரு புனிதையையும் நினைவில் கொள்வோம். லிசியே நகர் கார்மேல் மடத்தின் குழந்தை இயேசுவின் புனித தெரேசா, வியட்நாமில் உள்ள ஹனோய் கார்மேலுக்குப் போக விரும்பினார். நோய் அதற்கு இடம் தரவில்லை. 1897இல், 24 வயதில், தம் மடத்திலேயே இறந்தார். 1927இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் அவரைச் சவேரியாரோடு சேர்த்து மறைப்பணிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். போக முடியாதவரும் போய்க்கொண்டே இருந்தவரும் இன்று ஒரே பணியின் பாதுகாவலர்கள்.

கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

1. கையிலிருப்பதை முடியுங்கள். கடன் பாக்கி, கொடுத்த வாக்கு, பேசாமல் விட்ட உறவு ஆகியவற்றைப் பட்டியல் போடுங்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர் ஏஜெண்டிடம் பத்துமுறை போகிறார். பத்து ஆண்டாகப் பேசாத அண்ணன் வீட்டுக்கு ஒருமுறை போய்வருவது அதைவிடக் கடினம். ஆனால் அதுவும் பயண ஏற்பாடுதான். ஒப்புரவு அருளடையாளம் பெற்றுக் கிளம்புங்கள்.

2. சுமையைக் குறையுங்கள். ஆண்டவர் சீடர்களை அனுப்பியபோது கோலோ, பையோ, உணவோ, பணமோ வேண்டாம் என்றார் (லூக் 9:3). நாம் அப்படியே போக முடியாது. ஆனால் பழைய கசப்புகளைக் கட்டாயம் விட்டுச் செல்லலாம்.

3. புதிய ஊரைச் சொர்க்கமாக நினைக்காதீர்கள். நான் கனவு கண்ட மலையடிவாரப் பங்கிலும் தண்ணீர்ப் பிரச்சனை இருந்தது. என்னுடைய கோபமும் சோம்பலும் அதே வேனில் என்னோடு வந்து இறங்கின.

4. அங்கேயும் ஒரு பங்கைத் தேடுங்கள். போய்ச் சேர்ந்த முதல் ஞாயிறே ஆலயத்துக்குப் போய் அருள்பணியாளரிடம் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். அங்கே திருமணம் செய்ய நேர்ந்தால் புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ் தேவைப்படும். நீங்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் பெயரையும் தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பங்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு, அந்நியராகத் தங்கியிருத்தல் என்பதே மூலப்பொருள். எந்த ஊரில் இருந்தாலும் நாம் எல்லாரும் தங்கிப் போகிறவர்கள்தாம்.

5. வழியனுப்புகிற பெற்றோரே, அழுகையை அடக்க வேண்டாம். ஆனால் பிள்ளை கிளம்பும் முன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசி கொடுங்கள். அதற்குக் குருப்பட்டம் தேவையில்லை.

அன்புக்குரியவர்களே, எனக்கு மறுபடியும் பணிமாற்றக் கடிதம் வந்திருக்கிறது. புதிய இடத்தைப் பற்றிய கனவுகளும் வழக்கம்போல் வந்துவிட்டன. அவற்றைத் துரத்தவில்லை. ஆனால் இந்த முறை அட்டைப்பெட்டிகளை இறக்குமுன், பங்கில் உள்ள நோயாளிகளின் பட்டியலை எழுதி மேசைமேல் வைத்திருக்கிறேன். பதினேழு பெயர்கள் இருக்கின்றன. ஆண்டவர் விரும்பினால், எல்லாரையும் பார்த்த பிறகுதான் பெட்டி கட்டுவேன். யாருடைய பெயராவது விடுபட்டிருந்தால் தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள். மாலை நேரமானாலும் வருகிறேன்.